சாம்பிளுக்கும் ஒரு சீட்டு வேண்டும்

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் மரபு. கணினி உலகில் அவ்வாறு ஊர் கூடி இழுக்கும் தேர் லினக்ஸ். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை வெளியிட்டபோது அது முடிவுறாத 0.01 பதிப்புதான். முழுமை பெற்ற பின்னரே காட்டுவேன் என்று அவர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால், இன்று நாம் லினக்ஸைப் பற்றிப் பேசிக் கொண்டிருப்போமா?

எனவே, அதிகாரப்பூர்வமற்ற சோதனைப் பதிப்புகளை மாணவர்கள் தமக்குள் பகிர்வதே தவறு என்னும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் இன்னொரு சாரார், "கட்டற்ற மென்பொருள்தானே, யாருக்கு வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம்" என்கின்றனர். அவர்களோடும் என்னால் உடன்பட இயலவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

மங்கலத்தில் என் சித்தப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அவர் மகள் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினியில்தான் தறிக்காரர்களின் கூலிக் கணக்கு இருந்தது. 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகள் வழியாகத்தான், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் வீடுகளுக்குள் வந்தது. கணினி மெதுவாக ஓடுகிறது என்று சித்தப்பா சொன்னார். நான் என் கைச்சரக்கைக் காட்ட இதுவே தருணம் என்று எண்ணி, நானே தொகுத்த ஒரு சோதனைப் பதிப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது சோதனைப் பதிப்பு என்று சொன்னேனா? இல்லை. சொன்னால் வேண்டாம் என்பாரோ என்ற அச்சம்!

அடுத்த சனிக்கிழமை, கூலி நாள். திரை கறுத்துக் கிடந்தது. வேறொரு பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கிக் கோப்புகளை நான் மீட்டெடுத்தபோது இரவாகிவிட்டது. அதற்குள் சித்தப்பா நினைவிலிருந்தே கூலி கொடுத்து முடித்திருந்தார். அவர் கோபிக்கவில்லை. "ஏங் கண்ணு, சாம்பிள்னா சாம்பிள்னு சொல்லோணுமல்ல?" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பனியன் கம்பெனியில் ஒரு சாம்பிள் பீஸ் சும்மா போவதில்லை. ஸ்டைல் எண், அளவு, துணியின் ஜி.எஸ்.எம்., தேதி எழுதிய சீட்டு அதில் தொங்கும். காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தை விற்பவர் கூட லேபிளை வெட்டிவிட்டே விற்பார். சரக்கை விற்கலாம், பிறர் பெயரில் விற்கலாகாது என்னும் வழக்கம் அது. மென்பொருள் உலகிலும் இதே வழக்கம் உண்டு. மூல நிரலைப் பகிர உரிமை தரும் ஜி.பி.எல். உரிமத்தின் 1991-ஆம் ஆண்டுப் பதிப்பு, நிரலைத் திருத்தியவர் தாம் திருத்தியதையும் திருத்திய தேதியையும் தெரியுமாறு குறிக்க வேண்டும் என்றே விதிக்கிறது. கைப்பேசிக்கான லினேஜ் ஓ.எஸ்.ஸை நாமே தொகுத்தால் கோப்பின் பெயரிலேயே 'அன்அஃபீஷியல்' என்று தானாக விழும். அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் பகிர்பவரை என்னவென்பது?

சீட்டு இல்லாததன் ஆபத்து என் சித்தப்பா வீட்டோடு நிற்பதன்று. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தையே உடைத்து, பின்வாசல் வைத்த பதிப்பொன்றுக்கு இணைப்பு கொடுத்துவிட்டார்கள். 2024-இல் எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருளில், பொதுவில் இருந்த மூல நிரலில் இல்லாத ஒரு துண்டை வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்த்து நஞ்சை நுழைத்தார்கள். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கண்டு அவர் துருவினார். அந்த நஞ்சு அப்போது டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு வந்திருந்தது. நிலைத்த பதிப்பை எட்டவில்லை. சோதனைப் பதிப்பை ஓட்டுவோர் இருந்ததால்தான் உலகம் தப்பியது என்பதையும், சோதனையைத் தடைசெய்யச் சொல்லும் நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். (டெபியனில் எப்போதும் நிலையாத கிளைக்குப் பெயர் 'சிட்', பொம்மைகளை உடைக்கும் ஒரு திரைப்படச் சிறுவனின் பெயர். வைத்தவருக்கு விளையாட்டுப் புத்தி!)

ஆதலால் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. கொடுப்பவர் எந்த மூல நிரலிலிருந்து, என்று, யார் தொகுத்தது என்று எழுதட்டும். ஷா-256 சரிபார்ப்பு எண்ணைத் தனியே தரட்டும். எது ஓடவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லட்டும். பெறுபவர் பிழையைத் திருப்பிச் சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும். இன்னொருவரின் கூலிக் கணக்கு இருக்கும் கணினி சோதனைக் களம் அன்று.

என் பென் டிரைவில் இப்போது ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அதில் தேதியும் 'சாம்பிள்' என்ற சொல்லும். சித்தப்பாவின் கணினியில் நிலைத்த பதிப்பையே ஏற்றித் தந்துவிட்டேன். அவரோ கூலிக் கணக்கை நோட்டிலும் ஒருமுறை எழுதி வைத்துக்கொள்கிறார். அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.