வேப்ப மரத்தில் ஒரு கைத்தடம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு முதல் ஓவியக்கூடம் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டிதான். ஓவியம் என்றால் அதற்கு ஓர் ஓவியர் இருப்பார் என்கிற எண்ணமே நமக்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. முருகனையும் மீனாட்சியையும் யாரோ தீட்டியிருக்கிறார்கள், அந்த யாரோ நம் பக்கத்து ஊரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் அமர்ந்து தீட்டியிருக்கலாம் என்று எவரும் நமக்குச் சொன்னதில்லை. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்தது ஜவுளிக்கடையின் பெயர். ஓவியரின் கையொப்பம் ஓரத்தில் எறும்பளவில் இருந்தது.

இதை இப்போது நினைக்கக் காரணம், விருதுநகரில் ஒரு கடையின் மாடியில் நான் பார்க்க நேர்ந்த சிறிய கண்காட்சி. பதினோரு அக்ரிலிக் ஓவியங்கள். வரைந்தவர் இளைஞர். பகலில் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறார், இரவில் வரைகிறார். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் அக்ரிலிக் என்று கேட்டேன். ஒரே அறையுள்ள வீட்டில் எண்ணெய் வண்ணத்தின் நெடியோடு யாரும் உறங்க முடியாது, காய்வதற்கும் நாட்கணக்காகும். இது தண்ணீரில் கரைகிறது, படுப்பதற்குள் காய்ந்துவிடுகிறது என்றார். கலைக் கொள்கை எதையும் விட நேர்மையான பதிலாக எனக்கு அது பட்டது.

அவற்றில் ஓர் ஓவியம் என்னை நிறுத்தியது. ஒரு வேப்ப மரத்தின் அடிப்பகுதி மட்டும். பின்னால் கதவு திறந்த சிறிய அறை ஒன்று மங்கலாகத் தெரிகிறது. மரப்பட்டையில் இடுப்பளவு உயரத்தில் சாம்பலும் வெண்மையுமாக ஒரு பூச்சு. உற்றுப் பார்த்தால் அதில் விரல்கள் தெரிகின்றன. அருகில் ஒட்டியிருந்த தாளில் 'இருத்தலின் வெறுமையும் இயற்கையின் மௌனமும்' என்று அச்சிடப்பட்டிருந்தது.

எனக்கு அதில் வெறுமையும் தெரியவில்லை, மௌனமும் தெரியவில்லை. அவரிடமே கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அம்மா வேலை முடிஞ்சு கிளம்பும்போது கையை அந்த மரத்துல தேய்ச்சுட்டுத்தான் வருவாங்க, அண்ணாச்சி. கூட வேலை பார்க்கிறவங்களும் அங்கதான் தேய்ப்பாங்க. பொடி வீட்டுக்கு வந்துரக் கூடாதுன்னு."

அலுமினியப் பொடி. பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் கையிலும் கழுத்திலும் மாலையில் மின்னுகிற பொடி. கடையில் வெள்ளி நிற அக்ரிலிக் கிடைக்கிறது. அதை அவர் பயன்படுத்தவில்லை. அது திருவிழாப் போலப் பளபளத்ததாம். அம்மாவின் கையில் இருந்தது வேறு வெள்ளி என்பதால் கறுப்பையும் வெள்ளையையும் நீரில் கரைத்து மெல்லிய படலங்களாக, ஒன்று காய்ந்த பின் இன்னொன்றாக, பல இரவுகள் பூசியிருக்கிறார்.

இதையல்லவா எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்றேன். அவர் சொன்ன காரணங்கள் மூன்று. எழுதினால் எல்லோரும் அம்மாவைப் பார்ப்பார்கள், ஓவியத்தைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, தெருவில் பாதிப் பேருக்கு இன்றும் அதே வேலைதான் சோறு போடுகிறது. ஊரைக் காட்டிப் பெயர் வாங்குகிறான் என்று பேசுவார்கள். மூன்றாவது, பெருநகரக் கண்காட்சிகளில் இப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

முதல் இரண்டையும் நான் மதிக்கிறேன். வெடிவிபத்துச் செய்தி வரும்போது மட்டும் இந்தப் பூமியை நினைவுகூரும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நினைத்தோம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்தபோது மீண்டும் நினைத்தோம். இங்கிருந்து வருகிற ஓவியத்திடம் அந்தப் பரிதாபத்தையே எதிர்பார்ப்பவர்கள் இருப்பார்கள். தன் அம்மாவை அவர்களிடம் கொடுக்க மறுப்பது அவருடைய உரிமை.

மூன்றாவது காரணத்தோடுதான் எனக்கு வழக்கு.

இந்த மண்ணில் படம் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வந்த அச்சு, நாட்காட்டியாக வளர்ந்தது. யானையும் கிளியும் ரோஜாவும் அச்சிட்ட அந்தச் சிறிய படங்கள் தேசமெங்கும் போயின. தீப்பெட்டி ஆபீசுகளில் அவற்றை ஒட்டிய கைகளில் பல, குழந்தைகளின் கைகள். அதுபற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளிக்கும் வரையிலும், அதற்குப் பின்பு சில காலமும், அந்தக் கைகள் படத்துக்கு வெளியேதான் இருந்தன.

தீட்டிய கைகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். சி. கொண்டைய ராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். துறவு நாட்டத்தில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி ஊர் ஊராகச் சென்று, குழு கலைந்த பின் 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா முதலிய மாணவர்களும் தீட்டியவை சிவகாசி அச்சகங்களின் வழியே எண்ணற்ற பூசையறைகளுக்குச் சென்றன. அவர் 1976இல் மறைந்தார். அவருடைய 'மீனாட்சி திருக்கல்யாணம்' படத்தைக் கும்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்? அவரைப் பற்றி விரிவாக எழுதியவர் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ். இத்தகைய அச்சுப் படங்களைத் தேடிச் சேர்த்த டேனியல் ஸ்மித்தின் தொகுப்பு இருப்பதோ அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில்.

கொண்டைய ராஜு தன் படத்துக்குப் பக்கத்தில் விளக்கக் குறிப்பு எதையும் ஒட்டவில்லை. ஆனாலும் அவர் அதில் இல்லாமல் போகவில்லை. தெய்வத்துக்குப் பின்னால் விரிகிற மண்டபமும் மலையும் வானமும் அவர் ஆண்டுக்கணக்கில் எழுதிய நாடகத் திரைகளிலிருந்து வந்தவை. பல படங்களில் தன் பெயரோடு மாணவரின் பெயரையும் சேர்த்தே கையொப்பமிட்டிருக்கிறார். ஓர் ஓவியத்தின் அந்தரங்கப் பொருள் என்பது ஓவியர் சொல்லும் கதையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதை எங்கே வைத்தார், எந்த நிறத்தை மறுத்தார், யாரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார் என்பதிலும் இருக்கிறது. வெள்ளி வண்ணக் குப்பியை நம் இளைஞர் தொடாமல் விட்டதும் அப்படி ஒரு பொருள்தான்.

ஆகவே குறிப்பு எழுதாமல் இருக்கலாம், குற்றமில்லை. அம்மாவின் கதையை எழுதாமல் இருப்பதும் குற்றமில்லை. ஆனால் தனக்கே பொருந்தாத இரவல் சொற்களை ஒட்டுவது வேறு. இங்கிருந்து போன படங்கள் எல்லாம் தம்மைச் செய்த கைகளைப் பின்னால் விட்டுவிட்டுப் போனவை. இதோ ஒரு படத்தில் அந்தக் கை, விரல்களோடு திரும்பி வந்திருக்கிறது. 'இருத்தலின் வெறுமை' என்று எழுதி ஒட்டியதும் அது மறுபடியும் துண்டிக்கப்படுகிறது. லேபிள் ஒட்டுகிற ஊரில், தன் ஓவியத்துக்குத் தானே தவறான லேபிளை ஒட்டிவிட்டார் அவர்.

இதில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சிறுபத்திரிகை வாசகர்களாகிய நாமும் ஓவியத்தைப் பற்றி இப்படியான பாஷையில்தான் எழுதி வந்திருக்கிறோம். நிறத்தைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் தத்துவத்தைப் பேசினோம். ஆனால் இந்த வட்டாரத்தில் நிறம் என்பது பேச்சு அல்ல, பிழைப்பு. வாணவெடியின் பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். 2018இல் பட்டாசில் பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது, இங்கே ஒரு நிறம் போனால் எத்தனை அடுப்புகள் அணையும் என்று கணக்குப் போட்டார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகிறவருக்கு நிறத்தின் அர்த்தத்தை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.

'வேப்ப மரம், மாலை ஐந்து மணி' என்று மட்டும் தலைப்பு வைத்தால் போதாதா என்று அவரிடம் கேட்டேன். ஊர்க்காரர்களுக்கு அந்த மணியின் அர்த்தம் தெரியும். வெளியூர்க்காரர்கள் விரல் தடங்களை உற்றுப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிக்கட்டும்.

அடுத்த முறை ஒரு சிறுநகர மாடியில் இப்படி ஒரு கண்காட்சி நடந்தால், தாளில் உள்ளதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வரைந்தவர் பெரும்பாலும் வாசலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் அமர்ந்திருப்பார். அது எந்த மரம் என்று கேளுங்கள்.