கொடைக்கானல் போறீங்களா? '8 டிகிரிதானே, ஒரு ஸ்வெட்டர் போதும்' என நினைப்பது ஏன் தவறு?

இ-பாஸ் எடுத்தாச்சு, ரூம் புக் பண்ணியாச்சு. அடுத்து செல்போனில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, "8 டிகிரிதானே, ஒரு ஸ்வெட்டர் போதும்" என்று பலரும் பையை மூடிவிடுகிறார்கள். ஆனால், அந்த எண்ணை மட்டும் நம்பி உடை எடுத்தால் சிக்கல்தான். உடல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும் என்பதில் ஈரத்துக்கும் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு.

கீழே வியர்வை, மேலே நடுக்கம் ஏன்?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதனால்தான் வத்தலக்குண்டில் ஃபேன் தேடியவர்கள், மேலே ஏறியதும் ஷாலைத் தேடுகிறார்கள்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 8 டிகிரியை ஒட்டி இறங்கும்; சில நாட்களில் அதற்கும் கீழே போகும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். வானிலை ஆய்வு நிலையத்தின் தெர்மாமீட்டர் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதால், அது 4 டிகிரி காட்டும்போதே புல்வெளியில் உறைபனி படிந்திருக்கலாம்.

ஈரம் ஏன் ஆபத்து?

தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அலைச்சறுக்கு வீரர்கள் இதை நன்றாக அறிவார்கள். சென்னை அருகே கோவளம், மாமல்லபுரம் கடலில் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே வெயிலுக்கும் உராய்வுக்கும் மெல்லிய லைக்ரா சட்டை போதும். குளிர்ந்த கடல் உள்ள நாடுகளிலோ, வெளியே வெயில் அடித்தாலும் நியோபிரீன் என்ற தடித்த ரப்பர் உடை இல்லாமல் இறங்க மாட்டார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது தண்ணீரின் வெப்பநிலையை.

கொடைக்கானலிலும் இதே கணக்குதான். அருவிச் சாரல், வடகிழக்குப் பருவமழை, மூடுபனி என எதில் நனைந்தாலும் ஜீன்ஸும் காட்டன் சட்டையும் சீக்கிரம் காயாது. அதோடு காற்றும் அடித்தால், 12 டிகிரியிலேயே உடல் வெடவெடக்கும்.

என்ன எடுத்துப் போகலாம்?

* உடலை ஒட்டி: வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாத தெர்மல் உடை.
* அதற்கு மேல்: கம்பளி ஸ்வெட்டர்.
* வெளியே: காற்றும் மழையும் புகாத ஜெர்கின் அல்லது ரெயின்கோட்.
* கூடவே மங்கி குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ், மாற்று உடை.

ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இப்படி மூன்று அடுக்குகள் நல்லது. அடுக்குகளுக்கு இடையே நிற்கும் காற்று உடல் சூட்டை வெளியே விடாது. பகலில் வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம்.

எப்போது உஷாராக வேண்டும்?

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் 'ஹைப்போதெர்மியா'. நடுக்கம், பேச்சு குழறுவது, நடை தடுமாறுவது இதன் அறிகுறிகள். குளிரில் இருப்பவருக்கு நடுக்கம் தானாக நின்று, குழப்பமும் தூக்கமும் வந்தால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம்.

உடனே ஈர உடையை மாற்றி, உலர்ந்த போர்வை போர்த்த வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் சூடான, இனிப்பான பானம் கொடுக்கலாம். 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது. 'குளிருக்கு நல்லது' என்று மது குடிப்பது தவறு. அது தோலின் ரத்தக் குழாய்களை விரியச் செய்து சூட்டை வெளியேற்றிவிடும்.

அறைக்குள் கரி அடுப்பு வேண்டாம்

போதிய உடை இல்லாதவர்கள் கடைசியில் தேடுவது நெருப்பை. பூட்டிய அறையில் பார்பிக்யூ கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் இப்படித்தான் உயிரிழந்தார்கள்.

பையில் ஒரு ரெயின்கோட்டும் ஒரு செட் உலர்ந்த உடையும் கூடுதலாக இருந்தால், அறைக்குள் கரி மூட்டும் யோசனையே வராது.