சொல்லாமற் கொன்றவர்கள்!

2011-ஆம் ஆண்டு. கனடா நாட்டின் தலைநகரமாம் ஆட்டவாவில், நாடாளுமன்ற வளாகத்தின் மேற்குக் கட்டடம் பழுது பார்க்கப்படுகிறது. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் பல்லாண்டுகளுக்கு முன் திணித்து வைத்த ஒரு பொருளை வெளியே எடுக்கவேண்டும். எடுக்கும் தொழிலாளிக்கு முகமூடி! உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடும் அங்கி! எடுத்ததைக் காற்றுப் புகாத பையிலே கட்டி, "ஆபத்து" என எழுதி ஒட்டி, அப்புறப்படுத்துகிறார்கள். சட்டமியற்றும் கனவான்களின் மூச்சிலே அந்தத் தூசி ஒரு துளியும் கலந்துவிடக் கூடாதாம். நல்லது! அவர்கள் மூச்சு நீடூழி வாழட்டும்!

அதே ஆண்டு, அதே நாடு. க்யூபெக் மாநிலத்துச் சுரங்கத்திலிருந்து அதே பொருள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகிறது. எங்கே? வாங்குவோர் வரிசையில் முன்னணியில் நிற்பது நமது இந்தியத் திருநாடு! அங்கே நஞ்சென்று நீக்கப்பட்டது, இங்கே நம் ஏழையின் கூரையாகிறது.

அந்தப் பொருளுக்குக் கல்நார் என்று பெயர். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அறியாதவர் இல்லை. "அணையாதது" என்பது அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள். பாறையிலே விளையும் நார் அது. பஞ்சுபோல் பிரியும், தீயிலே வேகாது. சிமெண்டோடு கலந்தால் அலையலையாக வளைந்த தகடு. குழாயாகலாம், வண்டிச் சக்கரத்தின் பிரேக்குக் கட்டையாகலாம். அருமையான பொருள்தான், யார் மறுத்தார்! ஆனால் அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்கள் காற்றிலே மிதக்கின்றன. மூச்சோடு உள்ளே போனவை நுரையீரலின் ஆழத்திலே குடியேறுகின்றன. உடலால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அவற்றுள் சில, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை வரை சென்று தங்கிவிடுகின்றன. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு கூட ஓசையின்றிக் காத்திருக்கின்றன. பிறகு ஒரு நாள் மார்பில் வலி. மாடிப்படி ஏறினால் மூச்சிறைப்பு. நெஞ்சுக்குள் நீர் கோக்கிறது. மீசோதெலியோமா என்று அந்த உறையின் புற்றுநோய்க்குப் பெயர் சொல்கிறார் மருத்துவர். பெயர் தெரிந்தபின் பெரும்பாலோர் இரண்டாண்டு கூடத் தாண்டுவதில்லை.

நான் நாடகம் எழுதுகிறவன். முதற் காட்சியிலே வில்லன் பாலில் நஞ்சைக் கலந்தால், மூன்றாவது காட்சிக்குள் பாத்திரம் சாயவேண்டும்; தாமதித்தால் கொட்டகையிலே விசில் பறக்கும். இந்த நாடகத்திலோ, நஞ்சூட்டிய காட்சிக்கும் சாவுக் காட்சிக்கும் இடையே நாற்பது ஆண்டு! அதற்குள் வில்லன் ஒப்பனையைக் கலைத்து, பங்குகளை விற்று, கொடைவள்ளல் எனப் பட்டமும் பெற்று, படுக்கையிலே நிம்மதியாகக் கண்மூடிவிடுகிறான். "கொன்றவன் எங்கே?" என்று கேட்டால், "எந்தக் கொலை?" என்கிறது உலகம். காலதாமதம்தான் அவனுக்கு வாய்த்த கைதேர்ந்த வழக்கறிஞர்!

ஆயினும், அறியாமல் நடந்ததா அது? க்யூபெக்கிலே ஒரு நகரம். அதன் பெயரே ஆஸ்பெஸ்டாஸ்! நகருக்கு நடுவே மலையைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற ஒரு பள்ளம். அதுதான் ஜெஃப்ரி சுரங்கம். பள்ளம் அகல அகலத் தொழிலாளர் வாழ்ந்த தெருக்களையே விழுங்கியது. உரிமையாளர், ஜான்ஸ் மான்வில் என்னும் அமெரிக்க நிறுவனம்.

1949 பிப்ரவரி நடுவில், அந்நகரிலும் தெட்ஃபோர்டு மைன்ஸ் நகரிலுமாக ஏறத்தாழ 5,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மணிக்கு 15 சென்ட் கூடுதலாகக் கொடு, ஒரு டாலராக்கு என்றனர். அத்தோடு நின்றார்களா? தூசியை ஒழி என்றனர்! கூலி கேட்பவனை முதலாளி புரிந்துகொள்வான். கொடுப்பான் அல்லது மறுப்பான். காற்றைக் கேட்பவனை அவனால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. மாநில முதல்வர் டுப்ளெசி வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றார். போலீஸ் படையை அனுப்பினார். மே மாதம் தடியடி, கைது. தொழிலாளர் பக்கம் நின்று மாதா கோயில் வாசல்களிலே நிதி திரட்டச் செய்த மான்ட்ரியால் பேராயர் ஷார்பொனோ, மறு ஆண்டே பதவியை விட்டு விலக நேர்ந்தது. நான்கு மாதத்துக்கு மேல் பசியோடு போராடிப் பெற்றது சில சென்ட் கூலி. தூசி பறந்துகொண்டேதான் இருந்தது.

அதே 1949-இல்தான், தோழர்களே, அந்த நிறுவனத்தின் மருத்துவர் கென்னத் ஸ்மித், அந்த ஊர்த் தொழிலாளர் 708 பேரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். சிலர் நுரையீரலில் கல்நார் நோயின் தொடக்கம் தெரிகிறது; ஆனால் அவர்கள் இன்னும் முடங்கிவிடவில்லை; ஆகவே அவர்களிடம் சொல்லவேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஏன் சொல்லக்கூடாதாம்? சொல்லாவிட்டால் அவன் நிம்மதியாக வாழ்ந்து வேலை செய்வான். அவனது பல்லாண்டு அனுபவமும் நிறுவனத்துக்குப் பயன்படும்! என்னே கருணை! வெட்டப்போகும் ஆட்டுக்குத் தழை காட்டும் கருணை! பின்னாளில் நீதிமன்ற வழக்குகளில்தான் அந்தத் தாள் வெளிச்சத்துக்கு வந்தது. வழக்குகள் மலைபோல் குவியவே, 1982-இல் அந்த நிறுவனம் திவால் மனு போட்டுப் பாதுகாப்புத் தேடிக்கொண்டது.

விஞ்ஞானம் வாயடைத்திருந்ததா என்றால், இல்லை. 1955-இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு டால், கல்நார்த் தொழிலாளரிடையே நுரையீரற் புற்று மிகுவதைக் காட்டினார். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய கூட்டாளிகளும், கேப் மாநிலத்து நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியைச் சுற்றி 33 பேரின் உறைப்புற்றை எடுத்துக்காட்டினர். அவர்களிலே சுரங்கத்துக்குள் கால் வைக்காதவர்களும் இருந்தனர்; அருகிலே வாழ்ந்ததே அவர்கள் செய்த குற்றம். 1965-இல் இலண்டனில் இன்னொரு ஆய்வு. கணவன் ஆலையிலிருந்து உடுத்தி வந்த உடையை வீட்டிலே துவைத்த மனைவிக்கும் அதே நோய் என்றது அது! கூலி அவன் கையில். தூசி அவள் மூச்சில்.

"அதெல்லாம் நீலக் கல்நார் ஐயா! நாங்கள் விற்பது வெள்ளைக் கல்நார், சாது!" என்கிறது வணிகர் கூட்டம். வேதியியல் படிப்பை நான் முடிக்குமுன் கல்லூரி என்னை முடித்துவிட்டது. ஆகவே என் சொல்லை நம்பவேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பைக் கேளுங்கள். கல்நார் எல்லா வகையும் புற்றுண்டாக்கும் என்கிறது. இந்த உறைப்புற்றைப் பொறுத்தமட்டில் நீலம் கூடுதலாகக் கொடியது என்பது மெய்யே. கட்டுவிரியனை விடக் கண்ணாடிவிரியன் சாது என்பதற்காகத் தொட்டிலிலே விட்டுவிடுவோமா?

1997 முதல் ஃபிரான்சு கல்நாரைத் தடைசெய்தது. உடனே கனடா என்ன செய்தது? தன் சரக்கைத் தடுக்கிறான் என்று உலக வர்த்தக அமைப்பிலே வழக்குத் தொடுத்தது! 2001-இல் தோற்றது. ஐரோப்பாவிலே கதவடைக்கப்பட்ட சரக்குக்கு ஆசியாவிலே கதவு திறந்திருந்தது. "பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்" என்று அதற்கொரு தாலாட்டு! நம் ஊர்க் கூரையின்மேல் குந்தியிருக்கும் தம்பியைப் பாருங்கள். வெறுங்கால், கையிலே ரம்பம், மூக்கை மூட ஒரு துண்டு கூட இல்லை, வெள்ளைப் பொடி அவன் புருவத்திலே படிந்திருக்கிறது. இதுதானா உங்கள் பாதுகாப்பு?

ராட்டர்டாம் உடன்படிக்கை என்று ஒன்றுண்டு. அது எந்தப் பொருளையும் தடைசெய்வதில்லை. ஆபத்தான பொருளை விற்கும் நாடு, வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டிச் சொல்லி, இசைவு பெற்று விற்கட்டும் என்கிறது, அவ்வளவே. அந்தப் பட்டியலில் வெள்ளைக் கல்நாரைச் சேர்க்க 2011-இல் ஜெனீவாவில் பேச்சு நடந்தது. கனடா மறுத்தது! 1949-இல் தொழிலாளியிடம் சொல்லாதே. 2011-இல் வாங்குபவனிடமும் சொல்லாதே! அன்று இந்தியா, சேர்க்கலாம் என்றது. அவையிலே கைதட்டல் எழுந்தது. 2013-இல் அதே இந்தியா எதிர்ப்போர் வரிசையிலே போய் உட்கார்ந்தது. விற்பவன் மறைத்தால் வஞ்சகம் எனலாம். வாங்குகிறவனே, "சொல்லாதே, எனக்குத் தெரியவேண்டாம்" என்று காதைப் பொத்திக்கொண்டால் அதற்கு என்ன பெயர், தில்லிச் சீமான்களே?

கனடா திருந்திவிட்டது. 1949 வேலைநிறுத்தத்தை ஆதரித்து, அதைப் பற்றி நூலொன்றும் தொகுத்த இளைஞர் பியர் ட்ரூடோ. பின்னாளில் அவர் பிரதமரான காலத்திலும் கல்நார்க் கப்பல் நிற்கவில்லை. அவர் மகன் ஆட்சியிலே 2018-இல் தடை வந்தது. 2020-இல் ஆஸ்பெஸ்டாஸ் நகரமும் அந்தப் பெயரைச் சுமக்க நாணி, வால்-தெ-சூர்ஸ் என மாற்றிக்கொண்டது. அவர்கள் போனார்கள், ரஷ்யா வந்தது. இங்கே இன்னும் இறக்குமதி ஓயவில்லை. நம் நாட்டுச் சுரங்கங்களுக்குப் புதிய உரிமம் இல்லையாம். அயல்நாட்டு மூட்டைக்கு மட்டும் வரவேற்பாம்!

"ஏழைக்கு மலிவான கூரை வேண்டாமா?" என்று உருகுகிறார்கள். வேண்டும். கல்நார் கலவாத இழைச் சிமெண்ட் தகடு உலகெங்கும் செய்யப்படுகிறது. அதைச் செய்யச் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு இன்றிரவே கூரையைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள், தோழர்களே! உடையாத தகட்டை விட உடைக்கும் தகடே ஆபத்து. துளை போடாதீர்கள், ரம்பம் வைக்காதீர்கள், உடைந்த துண்டைப் பிள்ளைகள் விளையாட விடாதீர்கள்.

"இந்தியாவில் கல்நாரால் இத்தனை சாவு என்று கணக்குண்டா?" என்பது அவர்களின் கடைசிக் கேள்வி. எண்ணினால்தானே கணக்கு! இருமுகிறவனுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்து அனுப்பினால், அவன் எந்த ஏட்டிலே ஏறுவான்? 1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும், நோயுற்றவனுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும். தடைகோரிப் பின்னர் வந்த வழக்கை 2011-இல் அதே மன்றம் தள்ளிவிட்டது உண்மை. ஆனால் பதிவேட்டுத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

ஆகவே, கல்நார் ஆலை உள்ள ஊரிலே இருக்கும் தோழர்களே! அடுத்த வாரம் ஆலை வாயிலிலே கூட்டம் போடும்போது முழக்கத்தை ஒரு நாழிகை நிறுத்திவைத்து, ஓய்வுபெற்ற முதியவர்களை மேடைக்கு அழையுங்கள். அவர்கள் எக்ஸ்ரே எங்கே, எந்த அலமாரியில் இருக்கிறது, அதிலே என்ன கண்டார்கள் என்று நிர்வாகத்தை அவர்களே எழுத்துமூலம் கேட்கட்டும். மனுவின் நகலைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள்.