அந்த ‘ஒரே’ என்ற சொல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வேடசந்தூர்ப் பக்கத்துக் கடலைக் காடுகளில் கூலிக்குப் போன என் அப்பத்தா பள்ளிக்கூடத்தையே அறியாதவர். ஆனால் இழவு வீட்டில் அவர் ஒப்பாரி எடுத்தால் கல்நெஞ்சும் கரையும். ஒரு காசு வாங்கியதில்லை. அவரை யாரும் பாடகி என்று சொன்னதுமில்லை.

வடசென்னையிலும் இழவு வீட்டில் விடிய விடியப் பாடுவார்கள். அதற்குக் கானா என்று பெயர். பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பணமும் பெயரும் அவர்களுக்கே. அந்த வரிசையில் துணிந்து நுழைந்தவர் இசைவாணி. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 சனவரியில் சென்னையில் மேடையேறியது. கானாவோடு ராப்பும் ராக்கும் கலந்து சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்ட அந்தக் குழுவின் 19 பேரில் அவர் ஒருவரே பெண். 2020-இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார். பெண்களின் கோயில் நுழைவு பற்றிய பாட்டுக்காக 2024-இல் அவர்மீது புகார்களும் எழுந்தன.

‘கானா பாடும் ஒரே பெண்’ என்று அவரைப் போற்றினார்கள். அந்த ‘ஒரே’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அவருக்கு அது பெருமை; நமக்கு? கானாவுக்கு ஆண் குரல்தான் எடுக்கும் என்போர் ஒருநாள் எங்கள் ஊர் இழவுக்கு வரட்டும்! சாவைப் பாடப் பெண்ணுக்குத் தெரியும். அது மேடைக்கு வந்து, கூலியும் கைதட்டலும் கிடைக்கும்போதுதான் பெண் அடக்கம் காக்க வேண்டுமாம்.

சென்ற கல்லூரி விழாவில் அப்பத்தாவின் பாட்டைப் பாடுவதாகப் பெயர் கொடுத்தேன். “நல்ல நாளில் ஒப்பாரியா?” என்று தோழியரே சிரித்தார்கள், பெயரை அடித்துவிட்டேன். இந்த ஆண்டும் கொடுத்திருக்கிறேன்.