கம்பமும் ஈட்டியும்

சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால், கடலுக்குப் போகும் வழியில் ஒரு கம்பம் நிற்கிறது. கடல் இதைத் தாண்டாது என்று சொல்லி இயேசுவின் சீடர் புனித தோமையார் நட்டது என்பது ஊர்ப்பேச்சு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அன்றிலிருந்து அந்தக் கம்பம் கடவுளுக்கே அத்தாட்சி ஆகிவிட்டது. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று பூசை முடிந்து வரும்போது என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

நானும் பூசை தவறாதவன்தான். அதனால்தான் சொல்கிறேன்: இது விசுவாசத்துக்கு நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு.

கம்பத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால் பட்டினப்பாக்கம். அதைத் தாண்டி, அடையாற்று முகத்துவாரத்தில் சீனிவாசபுரம். அதே காலை, அதே கடல். அங்கே குடிசைகளோடு உயிர்களும் போயின. வேளாங்கண்ணியில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாதாவைப் பார்க்க வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அங்கும் இதே பேச்சு: கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லையாம். கும்பிட வந்தவர் போய்விட்டார், கட்டடம் தப்பித்தது. இதைப் புதுமை என்று எந்த வாயால் சொல்வது?

"எளிய சனங்களின் நம்பிக்கையை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்பார்கள். சீனிவாசபுரத்து மீன்காரம்மாவும் எளிய சனம்தான். கம்பம் எங்களைக் காத்தது என்னும்போதெல்லாம், உன் வீட்டைக் கடவுள் கணக்கில் எடுக்கவில்லை என்று அவளிடம் சொல்கிறோம். செபக்கூட்டங்களிலும் இதே கதைதான்: விசா கிடைத்தவரும் கட்டி கரைந்தவரும் மேடையேறிச் சாட்சி சொல்கிறார்கள். அதே உருக்கத்தோடு மன்றாடியும் பலிக்காதவர் கையில் மைக்கை யார் கொடுக்கிறார்கள்?

தோமையாரின் கதியையே பாருங்கள். கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துப்பட்டு இறந்தார் என்கிறது மரபு. அந்த ஈட்டியின் முனை என்று போற்றப்படும் இரும்புத் துண்டு இதே சாந்தோமில்தான் இருக்கிறது. ஆபத்திலிருந்து காப்பதுதான் கடவுளுக்குச் சாட்சி என்றால், அதற்கு முதல் எதிர்சாட்சி நம் அப்போஸ்தலரே.

பிறகு எதை வைத்து நம்புவது? அதையும் தோமையாரிடமே கேட்கலாம். உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது அவர் தலையாட்டிவிடவில்லை. இயேசு கடலை அடக்கிய கதை நற்செய்தியில் உண்டு. அதுபோல் இன்னொன்றைச் செய்துகாட்டச் சொல்லியும் தோமையார் கேட்கவில்லை. ஆணி பாய்ந்த தழும்பில் விரலை வைக்காமல் நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்து வந்த இயேசு, கேள்வி கேட்டவனைத் துரத்தவில்லை, கையை நீட்டினார். சாவை வென்ற பிறகும் அந்தக் கையில் காயம் இருந்தது. அதைப் பார்த்தவர் சாகும்வரை அதைச் சொல்லித் திரிந்தார்; கண்ட லாபம் ஈட்டிதான்.

துன்பம் ஏன் என்பதற்கு இது விடையாகாது. ஆனால், தானும் குத்துப்பட்ட கடவுளைப் பற்றி, பறிகொடுத்தவர் முன்னால் நின்று பேசலாம். கம்பத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறவர்கள் ஒருமுறை சீனிவாசபுரம் வரை நடந்து பார்க்கட்டும். அங்கே சொல்லக் கூசுகிற எதுவும் கடவுளை நம்புவதற்குக் காரணமாகாது.