எலும்பு கல் அல்ல

எங்கள் திருவரங்குளத்தில் யாருக்காவது கடைவாய்ப் பல் வலித்தால், "பிடுங்கிப் போடு, தொல்லை விட்டது" என்பார்கள். இயற்பியல் ஆசிரியனான நானும் அப்படியே மேல் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு எட்டாண்டுகள் சும்மா இருந்துவிட்டேன். செயற்கைப் பல் கட்டப் போனபோது மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "டைட்டானியம் திருகைப் பொருத்த எலும்பே இல்லையே, சார்" என்றார்.

எலும்பு எங்கே போயிற்று?

மாணவ நண்பர்களே, மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குச் சற்று மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல் இருக்கும்வரை, நாம் மெல்லும்போதெல்லாம் பல்லைத் தாங்கும் எலும்பின்மேல் விசை செயல்படுகிறது. பல் போனால் அந்த வேலையும் போகிறது. வேலையற்ற எலும்பை உடல் கரைத்துவிடுகிறது. முதல் ஓராண்டிலேயே பெருமளவு கரைந்துவிடும். மேலே உள்ள காற்றறையும் கீழ்நோக்கி விரிகிறது. எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். எடையற்ற நிலையில் மாதக்கணக்கில் மிதக்கும் விண்வெளி வீரர்களின் எலும்பும் இதனால்தான் தேய்கிறது.

இதற்குச் செய்யும் அறுவைக்கு 'சைனஸ் லிஃப்ட்' என்று பெயர். அமெரிக்காவில் 1970-களில் தோன்றிய முறை இது. எலும்புச் சுவரில் சிறு சன்னல் வெட்டி, காற்றறையின் உள்சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்புகிறார்கள். தூளே எலும்பாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. தூள், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது. கொத்தனார்கள் இரத்தத்தோடு வரும் செல்கள்தாம். 2004-இல் சுவீடன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் தூளே இடவில்லை. தூக்கிய சவ்வைத் திருகுகளே தாங்கி நிற்க, அடியில் இரத்தம் உறைய விட்டார்கள், எலும்பு வளர்ந்தது! இடமும் இரத்தமும் அசையாமையும் கிடைத்தால் போதும் போலும்.

அசையாமை என்றதும் நினைவுக்கு வருகிறது. சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்றார் மருத்துவர். அடைபட்ட காற்றின் அழுத்தம் சவ்வைக் கிழித்துவிடுமாம். வகுப்பில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம்!

"எலும்பெல்லாம் பயாலஜி, நமக்கெதற்கு?" என்று கணிதப் பிரிவு மாணவர்கள் கேட்பதை நான் ஏற்பதில்லை. எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-55-இல் காட்டியவர்கள் யார்? சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கருவி எக்ஸ்ரே, ஆராய்ந்தது தசைநாண். அக்கயிற்றின்மேல் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் படிந்ததே எலும்பு. நம் ஆய்வுக்கூடத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்து அதைக் கல்லென்று நினைத்துவிடுகிறோம்.

ஆகவே, வலிக்கும் பல்லையெல்லாம் பிடுங்கச் சொல்லும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். வேர் சிகிச்சையால் காப்பாற்றக்கூடிய பற்கள் பல. 2023-இல் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நம் ஊரிலிருந்து பேருந்தில் சிறிது நேரப் பயணம். வீட்டில் யாராவது பல் வலி என்றால் அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். அடுத்த மாதம் மீண்டும் படம் எடுக்கிறார்கள்.