மொழி முற்றம்: முன்னிலைச் சொல்

பிழைப்பு நாடி வடக்கே வந்த புதிதில், பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் நின்ற முதியவர் ஒருவரை ‘தூ’ என்று விளித்துவிட்டேன். ‘ஆப்’ என்றிருத்தல் வேண்டும். அவர் சினக்கவில்லை. சீட்டைப் பெற்றுக்கொண்டு, என் முகத்தை ஒருமுறை நோக்கிவிட்டுச் சென்றார். அந்நோக்கு இன்றும் சுடுகின்றது. நம் அன்பர் பலரும் இத்தகைய தலைக்குனிவை அறிந்திருப்பர்.

இந்த இடர்ப்பாட்டையே ஆட்டமாக்கியவர் ஒருவர் உண்டு. எம். ஏ. ஆர். பார்க்கர் (1929–2012) என்னும் அமெரிக்க மொழியியல் பேராசிரியர் அவர். 1951-இல் மாணவராக இந்தியா வந்தவர், இங்கே இஸ்லாத்தைத் தழுவினார். பின்னர் உருதுவுக்கும் பலூச்சிக்கும் பாடநூல்கள் இயற்றினார். இளமை முதலே மனத்துள் வளர்த்த ‘தெக்குமெல்’ என்னும் கற்பனை உலகை 1975-இல் ஆட்டமாக வெளியிட்டார். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் அது.

அதில் ஆடுவோர் அரசகுமாரர் அல்லர். சிறு படகில் ஜக்காலா என்னும் துறைமுகத்தில் வந்திறங்கும் அயலார். அவர்க்கென ஒதுக்கிய பகுதியிலேயே தங்குதல் வேண்டும். ஊர் வழக்கம் அறியாது வெளியே சென்று பெரியோர்க்குப் பிழை செய்தால், கழுமரம் ஏறவும் நேரும்!

அந்நாட்டு மொழி ட்சோல்யானி. அதற்கு முழு இலக்கணமும், வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்தும் வகுத்தார் பார்க்கர். நமக்கு நீ, நீர், நீங்கள், தாங்கள் என்பன போதும். அங்கோ முன்னிலைச் சொற்கள் குலம், பதவி, உறவு கருதிப் பலவாகக் கிளைக்கின்றன. எதிரே நிற்பவர் யாரென்று அறியாமல் வாய் திறத்தல் இயலாது. ‘தூ, தும், ஆப்’ மூன்றையும் பிறர்க்குக் கற்பித்தவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

ஒன்றை மறைத்தல் தகாது. பார்க்கர் 1991-இல் வெளியான, நாஜிக் கொள்கைக்கு ஏற்றம் தரும் நாவலொன்றைப் புனைபெயரில் எழுதியவர் என்பதை, அவர் படைப்பைப் பேணும் அறக்கட்டளையே 2022-இல் ஒப்புக்கொண்டது. அயலான் அஞ்சி நடக்கும் தெருவை இத்துணை நுட்பமாக வரைந்த கையும் அதுவே. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவதென்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய ஆட்ட நூலை என் அலமாரியிலிருந்து அகற்றவில்லை. முன்போல மகிழ்ந்து எடுப்பதும் இல்லை.